விண்டோஸ் விரல்களுக்கு மேக்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

14 ஆண்டுகள் விண்டோஸில் நிரல் எழுதிய விரல்கள் என்னுடையவை. சிங்கப்பூர் ஒன்-நார்த்தில் புதிய வேலைக்குச் சேர்ந்த அன்று மேசையில் ஒரு மேக்புக் காத்திருந்தது. சிம் லிம் ஸ்குவேரில் என்றோ வாங்கிய என் பழைய விசைப்பலகையைப் பையிலிருந்து எடுத்து அதில் செருகினேன். மாலைக்குள் ஓடிக்கொண்டிருந்த எடிட்டரை இரண்டு முறை மூடிவிட்டேன். பின்னங்குறிக்கு (`) பதிலாக வேறேதோ குறி விழுந்தது. நிரலின் நடுவே 'ங' ஒன்று முளைத்திருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மதுரைத் தம்பி, "அண்ணே, இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்" என்றார். இரண்டு வாரத்தில் பாதிதான் பழகியது. மீதிப் பாதி பழக்கக் குறைவே இல்லை. அமைப்புகள் தவறாக இருந்தன. எதற்கு இயந்திரத்தைத் திருத்த வேண்டும், எதற்கு விரலைத் திருத்த வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல்தான் அத்தனை நாளையும் வீணடித்தேன். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. வெளி விசைப்பலகையில் வரும் சிக்கல் மடிக்கணினியின் சொந்த விசைகளிலும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், மேக் உங்கள் விசைப்பலகையைத் தவறாக அடையாளம் கண்டிருக்கிறது அல்லது விசைகளின் வரிசை மாறியிருக்கிறது. இரண்டிலும் வந்தால், எழுத்து அமைப்பிலோ குறுக்குவிசையிலோ கோளாறு. மேல்பட்டியில் உள்ள உள்ளீட்டுப் பட்டியலில் 'ஷோ கீபோர்டு வியூயர்' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் திரையில் ஒரு விசைப்பலகை தோன்றும். நீங்கள் எதை அழுத்தினாலும் மேக் அதை எந்த விசையாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டும். ஊகத்தைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டைவிரல் எப்போதும் தவறான விசையில் விழுகிறது

இயந்திரத்தைத் திருத்துங்கள். விண்டோஸ் பலகையில் இடக்கோடியிலிருந்து கன்ட்ரோல், விண்டோஸ், ஆல்ட், பிறகு ஸ்பேஸ். மேக்கில் கன்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட், பிறகு ஸ்பேஸ். விண்டோஸ் பலகையைச் செருகினால் விண்டோஸ் விசை கமாண்டாகவும் ஆல்ட் ஆப்ஷனாகவும் ஆகிவிடும். அதாவது, ஸ்பேஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கமாண்ட் ஒரு வீடு தள்ளிப் போய்விடுகிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதற்குள் மாடிஃபையர் கீஸ். அங்கே ஆப்ஷனைக் கமாண்டாகவும் கமாண்டை ஆப்ஷனாகவும் மாற்றிவிடுங்கள்.

இங்கே நான் விழுந்த குழி: அந்தப் பெட்டியின் மேலே எந்த விசைப்பலகை என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாற்றினேன். மடிக்கணினியின் சொந்த விசைகள் இடம் மாறின, வெளிப் பலகை அப்படியே இருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி அமைப்பு என்பதை மறக்காதீர்கள்.

கன்ட்ரோல்-சி அழுத்தினால் நகலெடுக்கவில்லை

இது விரலுக்கான வேலை. பலர் இதே மாடிஃபையர் கீஸ் பெட்டியில் கன்ட்ரோலையே கமாண்டாக மாற்றிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். நிரலர் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. காரணம் டெர்மினல், அதாவது ஆணைகளை எழுத்தாகத் தட்டி இயக்கும் சாளரம். விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல்-சி இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது: நகலெடுப்பதும் அதுதான், ஓடும் நிரலை நிறுத்துவதும் அதுதான். அதனால்தான் லினக்ஸ் டெர்மினல்களில் நகலெடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. மேக்கில் அந்தச் சண்டையே இல்லை. கமாண்ட்-சி நகலெடுக்கும், கன்ட்ரோல்-சி நிறுத்தும். இந்தப் பிரிவினையைக் கெடுத்துக்கொண்டால் மேக்குக்கு வந்ததன் சிறந்த லாபத்தை வாசலிலேயே விட்டுவிட்டதாகப் பொருள். பத்து நாள் சிரமம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கிடைக்கிறது. கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்கும் கன்ட்ரோல்-இ வரியின் முடிவுக்கும் போகும். டெர்மினலில் மட்டுமல்ல, மேக்கின் பெரும்பாலான எழுத்துப் பெட்டிகளிலும். ஈமேக்ஸ் எடிட்டர் பழகியவர்களுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தது போல் இருக்கும்.

எடிட்டர் தானாக மூடிக்கொள்கிறதா? அது தானாக மூடவில்லை. ஒரு தாவலை மூட கமாண்ட்-டபிள்யூ. முழுச் செயலியையும் மூட கமாண்ட்-கியூ. இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். கீபோர்டு ஷார்ட்கட்ஸில் ஆப் ஷார்ட்கட்ஸ் பகுதிக்குப் போய், அடிக்கடி மூடிவிடும் செயலியின் 'குவிட்' ஆணைக்கு வேறொரு கடினமான கூட்டை வைத்துவிட்டேன். மெனுவில் அந்த ஆணை எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படியே எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும்.

# வரவேண்டிய இடத்தில் £ வருகிறது. பின்னங்குறி இடத்தில் § வருகிறது

இரண்டும் ஒரே நோய் போல் தெரியும். இல்லை.

£ வந்தால் உள்ளீட்டு அமைப்பு 'பிரிட்டிஷ்' என்று இருக்கிறது. எங்கள் அலுவலகத்தின் தலைமையகம் லண்டனில். மடிக்கணினியை அங்கிருந்தே அமைத்து அனுப்பியிருந்தார்கள். பிரிட்டிஷ் அமைப்பில் ஷிஃப்ட்-3 £ தரும். # வேண்டும் என்றால் ஆப்ஷன்-3. சிங்கப்பூர்க் கடைகளில் வாங்கும் பலகைகளில் பெரும்பாலும் 3-இன் தலையில் # தான் அச்சிட்டிருக்கும். கீபோர்டு அமைப்பில் இன்புட் சோர்சஸ் போய் 'ஏபிசி' அல்லது 'யு.எஸ்.' சேர்த்துவிட்டு, 'பிரிட்டிஷ்' என்பதை நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால் ஏதாவது ஒரு தவறான விசை அழுத்தலில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

§ வந்தால், மேக் உங்கள் வெளிப் பலகையை ஐரோப்பிய வடிவப் பலகை என்று நினைத்திருக்கிறது. அந்த வடிவத்தில் இடப்பக்க ஷிஃப்டுக்கு அருகில் ஒரு விசை கூடுதலாக இருக்கும். பின்னங்குறி அங்கே குடிபோய்விடும். கீபோர்டு அமைப்பில் 'சேஞ்ச் கீபோர்டு டைப்' என்ற பொத்தானை அழுத்தி, அது கேட்கும் விசைகளை அழுத்தினால் சரியாகிவிடும். பின்னங்குறி இல்லாத நிரலர் வாழ்க்கை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். குறிகளாலேயே எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுனில் ஒரு சொல்லைக்கூட நிரலாகக் காட்ட முடியாது.

£ சிக்கலை உடனே தீர்க்காமல், "ஆப்ஷன்-3 தானே, பழகிக்கொள்ளலாம்" என்று விட்டதால் எனக்கு ஒரு மதியம் போனது. திட்டத்தின் அறிமுகக் கோப்பை மார்க்டவுனில் எழுதினேன். ஒன்பது தலைப்புகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு #. உலாவியில் பார்த்தால் ஐந்து தலைப்புகளாகத் தெரிந்தன. நான்கு, # குறியோடு சாதாரண வரிகளாகவே நின்றன. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் இல்லை. அழித்து மீண்டும் எழுதினேன். மூன்று சரியாயின, சரியாக இருந்த ஒன்று கெட்டது. காப்பிக்கடைக்குப் போய்ச் சர்க்கரை போடாத கோப்பி ஒன்று குடித்துவிட்டு வந்து, கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் பார்த்தேன். நல்ல தலைப்பில் 23 20. கெட்ட தலைப்பில் 23 சி2 ஏ0.

23 என்பது #. 20 என்பது சாதாரண இடைவெளி. சி2 ஏ0 என்பது உடையா இடைவெளி. வரி முறியும்போது இரண்டு சொற்கள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் இடைவெளி. மேக்கில் ஆப்ஷனோடு ஸ்பேஸ் அழுத்தினால் அதுதான் விழும். நான் ஆப்ஷன்-3 அழுத்தி # போட்டுவிட்டு, ஆப்ஷனிலிருந்து விரலை எடுப்பதற்குள் ஸ்பேஸ் தட்டியிருக்கிறேன். வேகமாக எழுதிய தலைப்புகள் கெட்டன, யோசித்து எழுதியவை பிழைத்தன. # குறிக்குப் பிறகு சாதாரண இடைவெளியோ டேபோ இருந்தால்தான் மார்க்டவுன் அதைத் தலைப்பாக ஏற்கும். பைத்தானில் இதே எழுத்து குறிப்புரைக்கும் மேற்கோளுக்கும் வெளியே விழுந்தால் தொடரியல் பிழை. டெர்மினலில் விழுந்தால், கண்முன்னே இருக்கும் ஆணையை "காணவில்லை" என்று சொல்லும்.

தீர்வு: எடிட்டரின் தேடல் பெட்டியில் ஆப்ஷன்-ஸ்பேஸ் அழுத்தித் தேடுங்கள், எல்லாவற்றையும் சாதாரண இடைவெளியாக மாற்றுங்கள். பிறகு போய் 'பிரிட்டிஷ்' என்பதை நீக்குங்கள்.

நிரல் நிரப்பி வரவில்லை. பதிலாகத் தமிழ் எழுத்து விழுகிறது

இது தமிழில் தட்டச்சு செய்யும் நிரலருக்கே உரிய சிக்கல். விஎஸ் கோடு எடிட்டரில் நிரல் நிரப்பியை, அதாவது நிரல் பரிந்துரையைக் கூப்பிட கன்ட்ரோல்-ஸ்பேஸ். மேக்கில் இரண்டாவது உள்ளீட்டு மொழியைச் சேர்த்தவுடன் அதே கன்ட்ரோல்-ஸ்பேஸ், முந்தைய மொழிக்கு மாறும் விசை ஆகிவிடுகிறது. இயங்குதளம் முந்திக்கொள்கிறது, எடிட்டருக்குத் தகவலே போவதில்லை. பரிந்துரை வரவில்லையே என்று மீண்டும் ஒருமுறை அழுத்தினால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். இரட்டைப்படையில் அழுத்தினால் ஒன்றும் தெரியாது, ஒற்றைப்படையில் அழுத்தினால் 'ங' முளைக்கும்.

கீபோர்டு ஷார்ட்கட்ஸில் இன்புட் சோர்சஸ் பகுதிக்குப் போய் அங்குள்ள இரண்டு குறுக்குவிசைகளின் தேர்வையும் எடுத்துவிடுங்கள். பிறகு எப்படி மொழி மாற்றுவது? மேக்புக்கின் சொந்தப் பலகை என்றால் பூகோளப் படம் போட்ட விசையை அதற்கு ஒதுக்கலாம். விண்டோஸ் பலகையில் அந்த விசை கிடையாது. அங்கே கேப்ஸ் லாக்கைப் பயன்படுத்துங்கள். இன்புட் சோர்சஸில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி வைத்திருக்கும் விம் எடிட்டர் பக்தர்களுக்கு இது தர்மசங்கடம்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் மொழிமாற்றத்தை வைத்துக்கொண்டேன். விம்மில் தமிழ் இருக்கும்போது டி விசையை இரண்டு முறை தட்டி வரியை அழிக்கப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ் 99-இல் டி என்பது உ. விம்முக்குப் போய்ச் சேர்வது 'உஉ'. அது திருதிருவென்று விழிக்கும்.

தமிழே சரியாக வரவில்லை என்றால், எந்த அமைப்பைச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். மேக்கில் அஞ்சல், தமிழ் 99 இரண்டும் உடன் வருகின்றன. அஞ்சலில் ஒலிப்புப்படி ஆங்கில எழுத்துகளைத் தட்ட வேண்டும். தமிழ் 99-இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். எம் விசையில் 'ர' உட்கார்ந்திருக்கிறது. அஞ்சல் பழகியவர் தெரியாமல் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு 'அம்மா' என்று தட்டினால் ரகரமாகக் கொட்டும். விண்டோஸில் வெறும் 'தமிழ்' என்று நெடுநாளாக வருவது இன்ஸ்கிரிப்ட் என்ற மூன்றாவது அமைப்பு. அதைப் பழகியவருக்கு இவை இரண்டுமே அந்நியம்.

இந்த மூன்று வழிக் குழப்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1997-இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே நடத்திய தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகையும் குறியாக்கமும்தான் பெரிய பேச்சு. அதன் தொடர்ச்சியாக 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே தமிழ் 99-க்கு அந்தப் பெயரும் தமிழக அரசின் ஏற்பும் கிடைத்தன. எங்கள் அலுவலகத்தில் தமிழர் நால்வர். நால்வரும் மூன்று விதமாகத் தட்டுகிறோம்.

ஹோம், எண்டு விசைகள் எங்கோ கொண்டுபோய் விடுகின்றன

விரலைத் திருத்துங்கள். மேக்கில் ஹோம் என்றால் ஆவணத்தின் உச்சி, எண்டு என்றால் அடி. வரித் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கமாண்டோடு இட, வல அம்பு. ஒரு சொல் தாண்ட ஆப்ஷனோடு அம்பு. விஎஸ் கோடு போன்ற எடிட்டர்கள் ஹோம், எண்டு இரண்டையும் விண்டோஸ் முறையிலேயே நடத்துவதால் குழப்பம் கூடுகிறது: எடிட்டரில் ஒழுங்காக நடந்துகொள்ளும் அதே விசை, நோட்ஸில் ஷிஃப்டோடு அழுத்தினால் அங்கிருந்து ஆவணத்தின் கடைசி வரைக்கும் தேர்ந்தெடுத்துவிடும். அடுத்து டிலீட் அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கமாண்ட்-இசட் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

காரபைனர்-எலிமென்ட்ஸ் என்ற இலவசக் கருவியால் இதை விண்டோஸ் போலவே மாற்றலாம். ஒரு மாதம் அப்படி வைத்திருந்தேன். சக ஊழியரின் மேக்கில் உட்கார்ந்து ஏதாவது காட்ட வேண்டி வந்தால் குருடனாகிவிடுகிறேன் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன்.

எடிட்டரின் விம் முறையில் ஜே விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு வரிதான் இறங்குகிறது

இயந்திரம்தான். அழுத்திப் பிடித்தால் எழுத்தின் மேல் குறியிட்ட வடிவங்களைக் காட்டுவது மேக்கின் பழக்கம். அப்படி வடிவங்கள் இல்லாத எழுத்தும்கூடத் திரும்பத் திரும்ப விழாது. டெர்மினலில் டிஃபால்ட்ஸ் என்ற ஆணையால் 'ஆப்பிள் பிரஸ் அண்ட் ஹோல்ட் எனேபிள்ட்' என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, எடிட்டரை மூடித் திறங்கள். அந்த ஒரு செயலிக்கு மட்டும் என்றும் ஆக்க முடியும். கூடவே கீபோர்டு அமைப்பில் கீ ரிபீட் வேகத்தைக் கூட்டி, தாமதத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆல்ட்-டேப் பாதி சாளரங்களைக் காட்டவில்லை

கமாண்ட்-டேப் செயலிகளுக்கு இடையேதான் தாவும், சாளரங்களுக்கு இடையே அல்ல. ஒரே எடிட்டரின் இரண்டு சாளரங்களுக்கு நடுவே தாவ கமாண்டோடு பின்னங்குறி விசை. § சிக்கலைத் தீர்க்காமல் இங்கே வந்திருந்தால் இதுவும் வேலை செய்யாது; மேலே போய் முடித்துவிட்டு வாருங்கள். சிறிதாக்கிய சாளரம் கமாண்ட்-டேப்பால் எழுந்து வராது என்பதால் சிறிதாக்குவதையே விட்டுவிட்டேன்.

பிழைதிருத்தியில் எஃப்11 அழுத்தினால் சாளரங்கள் எல்லாம் ஓடி ஒளிந்து மேசைத்தளம் தெரிகிறதா? கீபோர்டு ஷார்ட்கட்ஸில் மிஷன் கன்ட்ரோல் பகுதியில் 'ஷோ டெஸ்க்டாப்' என்பதை அணைத்துவிடுங்கள். டெர்மினலில் ஒரு சொல் பின்னால் போக ஆல்ட்-பி அழுத்தினால் ∫ என்று தொகையீட்டுக் குறி விழுகிறதா? டெர்மினல் அமைப்பில் புரொஃபைல்ஸ், கீபோர்டு போய் 'யூஸ் ஆப்ஷன் அஸ் மெட்டா கீ' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விசை சரி, ஆனால் நிரல் ஓடவில்லை

இவை விரலின் குற்றமும் இல்லை, பலகையின் குற்றமும் இல்லை.

விண்டோஸிலிருந்து கொண்டுவந்த ஷெல் நிரல் (டெர்மினல் ஆணைகளின் தொகுப்பு) 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று முறையிட்டால், வரி முடிவுகள் விண்டோஸ் பாணியில் இருக்கின்றன. எடிட்டரின் கீழ்ப்பட்டியில் அதை யுனிக்ஸ் பாணியான எல்எஃப் ஆக்குங்கள். லினக்ஸில் பாஷ் என்ற ஷெல்லில் ஓடிய நிரல் இங்கே அசோசியேட்டிவ் அரே (பெயரைச் சாவியாக்கி மதிப்பை வைக்கும் பட்டியல்) இருக்கும் வரியில் விழுந்தால், மேக்கோடு வரும் பாஷ் 3.2 தான் காரணம். அது 2006-இல் வந்த பதிப்பு. அந்த வசதி 2009-இல் வந்த 4.0-இல்தான் சேர்ந்தது. பாஷின் கட்டற்ற மென்பொருள் உரிமம் ஜிபிஎல் 3-க்கு மாறியதால் ஆப்பிள் புதிய பாஷைச் சேர்க்கவில்லை. 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து இசட்-ஷெல்லையே முதன்மை ஆக்கிவிட்டது. ஹோம்பிரூ என்ற நிறுவல் கருவி வழியாகப் புதிய பாஷை நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்தை மாற்றும் செட் (sed) ஆணையின் ஐ தெரிவு ஒரு கூடுதல் மதிப்பைக் கேட்டு அடம்பிடித்தாலும் இதே கதைதான்: லினக்ஸில் இருப்பது குனு செட், இங்கே இருப்பது பிஎஸ்டி செட்.

5000-ஆம் போர்ட்டில் பைத்தானின் ஃபிளாஸ்க் சர்வர் ஏறவில்லை, யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அது மற்ற கருவிகளின் படத்தையும் ஒலியையும் வாங்கும் ஏர்பிளே ரிசீவர். 2021-இன் மான்டரேயிலிருந்து அப்படி. ஜெனரல் அமைப்பில் ஏர்டிராப், ஹேண்ட்ஆஃப் பகுதியில் அணைக்கலாம். நான் போர்ட் எண்ணை மாற்றிக்கொண்டேன். இங்கே கட்டிய டாக்கர் படிமம் (நிரலும் அதன் சூழலும் அடங்கிய பொதி) சர்வரில் 'எக்செக் ஃபார்மட் எரர்' என்று நின்றால், ஆப்பிள் சில்லுக்காகக் கட்டியதை இன்டெல் வகை சர்வரில் ஏற்றியிருக்கிறீர்கள். கட்டும்போதே இலக்குத் தளத்தைச் சொல்லிவிடுங்கள்.

கிட்டில் தமிழ்க் கோப்பின் பெயர் எண்களாகத் தெரிகிறது. ஒரே சொல் ஒப்பீட்டில் வேறாகிறது

பிள்ளைகளுக்காக ஓய்வு நேரத்தில் எழுதும் ஒரு சொல் விளையாட்டு என்னிடம் இருக்கிறது. அதன் கோப்புப் பெயர்கள் தமிழில். கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டின் ஸ்டேட்டஸில் 'கொடி' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225 என்று ஓர் எண் ஊர்வலம். கோப்பு கெடவில்லை, அந்த மூன்று எண்களும் சேர்ந்தால் 'க'. கிட்டின் கோட்பாத் (quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தெரியும்.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: க-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, க-வுடன் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. 'கொடி' முதல் விதத்தில் நான்கு குறியீடு, இரண்டாவதில் ஐந்து. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. பழைய வட்டிலிருந்து நான் எடுத்து வந்த பெயர்ப் பட்டியல் ஐந்து என்றது, புதிதாகத் தட்டிய சொல் நான்கு என்றது. விளையாட்டு, சரியான விடையைத் தவறு என்றது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் சேர்த்த வடிவான என்எஃப்சிக்கு மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதி அதைச் செய்துவிடும்.

ஔவையாரை ஒ-வும் ள-வும் சேர்த்து 'ஒளவையார்' என்று தட்டியிருந்தால் மட்டும் எந்த என்எஃப்சியும் காப்பாற்றாது. அது எழுத்துப் பிழை.

வீட்டு விண்டோஸில் இப்போது கை தடுமாறுகிறது

இந்த அறிகுறி மூன்றாம் மாதத்தில் வரும். மகளின் கணினியில் நகலெடுக்க நினைத்துக் கட்டைவிரலால் ஆல்ட்-சி அழுத்துவீர்கள். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்ற கருவி இருக்கிறது. அதில் ஆல்ட் விசையையே கன்ட்ரோலாக மாற்றாதீர்கள்; ஆல்ட்-டேப் போய்விடும், வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். தனி விசையை மாற்றாமல் விசைக் கூட்டை மட்டும் மாற்றும் தேர்வு அதில் உண்டு. ஆல்டோடு சி, வி, எக்ஸ், இசட் நான்கை மட்டும் கன்ட்ரோலுக்கு இணைத்தேன். மகள் இன்னும் கவனிக்கவில்லை.